மரம் வரைந்தால் மட்டும் போதுமா? கோப்பு முறைமைகளும் கணுவுக்கான நினைவகமும்

ஒரு பெரிய கோப்பின் நடுவிலிருந்து ஒரு பகுதியை மட்டும் நீக்க வேண்டும் எனக் கொள்க. அவ்வாறு நீக்குவதற்குக் கணினிக்குக் கூடுதல் நினைவகம் தேவைப்படுமா? தரவுக் கட்டமைப்புகள் பாடத்தை நன்கு படித்துத் தேறிய மாணவர்களிடம் இதைக் கேட்டால், “நீக்கினால் நினைவகம் திரும்பக் கிடைக்கும், புதிதாக எதற்கு?” என்பதே பெரும்பாலும் விடையாக வரும். லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் பொறுத்தவரை அவ்விடை தவறு.

எக்ஸ்ட்4, ஒரு கோப்பின் எந்தப் பகுதி என்ன நிலையில் இருக்கிறது என்ற குறிப்பை நினைவகத்தில் ஒரு சிவப்பு-கருப்பு மரமாக வைத்திருக்கிறது. ஒரே நிலையில் தொடர்ச்சியாக உள்ள தொகுதிகள் ஒரு நீள்துண்டு. அதற்கு எக்ஸ்டென்ட் என்று பெயர். ஒவ்வோர் எக்ஸ்டென்ட்டுக்கும் மரத்தில் ஒரு கணு. 0 முதல் 999 வரையிலான தொகுதிகள் ஒரே கணுவில் அடங்கியிருக்கும்போது, 400 முதல் 499 வரையிலான பகுதிக்குரிய குறிப்பை நீக்கினால் எஞ்சுவன இரண்டு துண்டுகள்: 0 முதல் 399 வரை ஒன்று, 500 முதல் 999 வரை மற்றொன்று. ஒரு கணு இருந்த இடத்தில் இப்போது இரண்டு கணுக்கள் வேண்டும். ஆக, நீக்குவதற்காகவே புதிய கணுவொன்றுக்கு நினைவகம் கேட்க நேர்கிறது. கேட்கும் அந்த நொடியில் நினைவகம் இல்லையென்றால் என்ன செய்வது?

அறிமுகப் பாடநூல்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. கோர்மென், லெய்சர்சன், ரிவெஸ்ட், ஸ்டைன் ஆகிய நால்வரின் புகழ்பெற்ற படிமுறை நூலில், பி-மரத்திற்குப் புதிய கணுவை ஒதுக்கித் தரும் துணைநிரல் நிலையான நேரத்தில் வேலையை முடித்துவிடும் என்று கொள்ளப்படுகிறது. அந்நூலின் நோக்கத்திற்கு அது பொருத்தமான எளிமையாக்கமே. சிக்கல் அந்த எளிமையாக்கத்தில் இல்லை. மாணவர் அதைத் தாண்டிச் செல்லும் வேறொரு வகுப்பு பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இந்தியச் சூழலில் கேட் தேர்வின் கணினி அறிவியல் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்க்கலாம். மரங்கள் நிரலாக்கம் மற்றும் தரவுக் கட்டமைப்புகள் பிரிவில் வருகின்றன. பி-மரமும் பி+ மரமும் தரவுத்தளப் பிரிவில், சுட்டெண் அமைப்புகளின் கீழ் வருகின்றன. நினைவக மேலாண்மையும் கோப்பு முறைமைகளும் இயக்க முறைமைப் பிரிவில் உள்ளன. மூன்றும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. மூன்றிலிருந்தும் வினாக்கள் வருகின்றன. ஆனால் கோப்பு முறைமையின் நிரலில் உள்ள ஒரு மரம், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நினைவக மேலாளரிடம் ஒரு கணு கேட்கும் தருணம் இம்மூன்று பிரிவுகளுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. அத்தருணத்தில்தான் பயனரின் தரவு தப்புகிறது அல்லது தொலைகிறது.

கணுவுக்கான நினைவகம் எங்கிருந்து வருகிறது, எப்போது கேட்கப்படுகிறது, எந்தப் பூட்டு கையில் இருக்கும்போது கேட்கப்படுகிறது, கிடைக்காவிட்டால் மரம் எந்த நிலையில் நிற்கிறது ஆகிய நான்கும் மரத்தின் வரையறைக்குள்ளேயே அடங்க வேண்டியவை. அவற்றைச் செயலாக்க விவரம் என்று ஒதுக்கிவிட்டு மரத்தைக் கற்பிப்பதும் ஆராய்வதும் முழுமையாகா.

வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரெய்ட்டும் 1972-இல் வெளியிட்ட பி-மரக் கட்டுரை, வட்டிலிருந்து தரவு பக்கம் பக்கமாகத்தான் வரும் என்ற நடைமுறைக் கட்டுப்பாட்டிலிருந்தே தொடங்குகிறது. ஒரு கணுவில் பல திறவுகோல்களை அடைத்ததற்குக் காரணம் சேமிப்பகத்தின் அலகு. எனவே பி-மரம் பிறந்தபோதே ‘கணு எவ்வளவு பெரியது, அதற்கு இடம் எங்கே’ என்ற கேள்வியும் அதனோடு பிறந்தது. பின்னாளில் வகுப்பறைக் கரும்பலகைக்கு வந்தபோதுதான் அக்கேள்வி உதிர்ந்து, பெட்டிகளும் அம்புக்குறிகளும் மட்டும் எஞ்சின.

நினைவகத்தில் வாழும் மரங்களுக்கும் இது பொருந்தும் என்பதை எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் 2017-இல் நிகழ்ந்த ஒரு மாற்றம் தெளிவாகக் காட்டுகிறது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் 1990-களில் உருவாகிப் பின்னர் லினக்ஸுக்கு வந்த முறைமை அது. ரெட் ஹேட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பில் அதுவே இயல்பான தெரிவாயிற்று. அம்முறைமை ஒரு கோப்பின் எக்ஸ்டென்ட் பட்டியலை நினைவகத்தில் துண்டு துண்டாக வைத்து, அத்துண்டுகளின் முகவரிகளை ஓர் அணியில் தொடர்ச்சியாக அடுக்கியிருந்தது. பெரும்பாலான கோப்புகளுக்கு அது போதுமானதாகவே இருந்தது. மெய்நிகர் கணினிகளின் வட்டுப்படிமம் போல ஆங்காங்கே எழுதப்படும் கோப்புகளுக்குப் போதவில்லை. அத்தகைய கோப்புகளின் எக்ஸ்டென்ட்டுகள் இலட்சக்கணக்கில் பெருகும். முகவரி அணியும் அதற்கேற்ப நீளும். அணி என்பதால் அதற்குத் தொடர்ச்சியான நினைவகம் வேண்டும். நெடுநேரம் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் மொத்த நினைவகம் ஏராளமாக இருந்தாலும், அடுத்தடுத்த பக்கங்கள் ஒருசேரக் காலியாகக் கிடைப்பது அரிது.

ஒரு கணக்கீடு இதை விளக்கும். ஓர் எக்ஸ்டென்ட் பதிவுக்கு 16 பைட்டு. ஒரு கோப்பில் 9,83,040 எக்ஸ்டென்ட்டுகள் உள்ளன எனக் கொள்க. அவற்றை ஒரே அணியில் அடுக்கினால் 15 எம்பி தொடர்ச்சியான இடம் வேண்டும். 4,096 பைட்டுத் துண்டுகளாகப் பிரித்தால் 3,840 துண்டுகள் வரும். அவற்றின் முகவரிகளும் எண்ணிக்கைகளும் கொண்ட அணிக்கு, ஒன்றுக்கு 16 பைட்டு வீதம், 60 கேபி வேண்டும். 60 கேபி என்றால் அடுத்தடுத்து 15 பக்கங்கள். ஒரு கோப்பில் எழுதும்போது இத்தனை பக்கங்களைத் தொடர்ச்சியாகக் கேட்பது நினைவக மேலாளருக்குப் பெருஞ்சுமை. கேட்டவர் காத்திருக்கும் நேரமும் நீளும்.

2017-இல் கிறிஸ்டோஃப் ஹெல்விக் எழுதிய மாற்றம், இப்பட்டியலை 256 பைட்டுக் கணுக்கள் கொண்ட பி+ மரமாக்கியது. இலைக்கணு ஒன்றில் 15 பதிவுகள். உள்கணு ஒன்றில் 16 கிளைகள். மேலே சொன்ன 9,83,040 எக்ஸ்டென்ட்டுகள் ஐந்து அடுக்குகளில் சரியாக நிரம்பிவிடும்: 15-ஐ 16-ஆல் நான்கு முறை பெருக்கினால் வரும் எண் அதுவே. நிரம்பிய அம்மரத்தில் இன்னொரு பதிவை நடுவில் செருகினால், மிக மோசமான நிலையில் ஐந்து அடுக்கிலும் ஒவ்வொரு கணு பிளவுபட்டு, மேலே ஒரு புதிய வேரும் தோன்றும். மொத்தம் ஆறு புதிய கணுக்கள், 1,536 பைட்டு. அந்த ஆறும் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. 15 பக்கங்களைத் தொடர்ச்சியாகத் தேடிய இடத்தில், எங்கேனும் கிடைக்கும் ஆறு சிறு துண்டுகள் போதும் என்றாயிற்று.

இம்மாற்றத்தின் முதன்மை நோக்கம் தேடலை வேகப்படுத்துவதாக இருக்கவில்லை. பெரிய நினைவக ஒதுக்கீடுகளைத் தவிர்ப்பதே நோக்கம் என்பது மாற்றத்தோடு எழுதப்பட்ட குறிப்பிலேயே உள்ளது. வகுப்பில் ‘அணியைவிட மரம் ஏன் சிறந்தது’ என்று கேட்டால் தேடலின் லாக் மதிப்பைச் சொல்லித்தான் மாணவர் விடை எழுதுவார். அவ்விடை அணியில் இருபாகத் தேடலுக்கும் பொருந்தும் என்பதைக் கவனிப்பவர் குறைவு. இங்கே மரம் வென்றது, சிறு சிறு துண்டுகளாக நினைவகம் கேட்கத் தெரிந்ததால்.

அந்த வடிவமைப்பின் பிற முடிவுகளும் ஒதுக்கீட்டை ஒட்டியே அமைந்தன. 256 பைட்டு என்பது 64 பைட்டு அளவுள்ள நான்கு கேஷ் வரிகள். தேடும்போது உள்கணுவின் திறவுகோல்கள் இரண்டு வரிகளிலும் இலை நான்கு வரிகளிலும் அடங்கிவிடும். கோப்பின் இறுதியில் தொடர்ந்து எழுதும்போது கணுவைப் பாதியாகப் பிளக்காமல், புதிய பதிவைப் புதிய கணுவில் வைக்கிறது. இதனால் முந்தைய கணுக்கள் முழுமையாக நிரம்பியே நிற்கின்றன. சில எக்ஸ்டென்ட்டுகளே கொண்ட சிறு கோப்புக்கு மரமே கட்டப்படுவதில்லை. ஒரே எக்ஸ்டென்ட் என்றால் 16 பைட்டோடு முடிந்துவிடும். நிரம்பிய இலையில் ஒரு பதிவுக்கு ஆகும் சராசரிச் செலவு 17 பைட்டுக்குச் சற்று மேல். எக்ஸ்ட்4-இன் சிவப்பு-கருப்பு மரத்திலோ ஒரு கணு 40 பைட்டு. அதில் 24 பைட்டு மரத்தின் இணைப்புகளுக்கே போகிறது.

அப்படியானால் சிவப்பு-கருப்பு மரம் தாழ்ந்ததா? அவ்வாறு தீர்ப்பிட முடியாது. லினக்ஸில் அம்மரத்தின் இணைப்புகள், சேமிக்கப்படும் பொருளுக்குள்ளேயே பொதிந்திருக்கும். பொருள் கையில் இருந்தால் அதை மரத்தில் சேர்க்கவும், மரத்தைச் சமன்செய்யவும் ஒரு பைட்டுகூடக் கூடுதலாக வேண்டியதில்லை. சேர்க்கும் செயல் நினைவகப் பற்றாக்குறையால் தோற்கவே தோற்காது. பி+ மரத்தில் அந்த உறுதி இல்லை. எந்தச் செருகலும் பிளவில் முடியலாம். ஆகவே ஒரு மரம் இடத்தைச் சேமிக்கிறது. மற்றொன்று தோல்வி நிகழக்கூடிய புள்ளியை முன்கூட்டியே தள்ளிவைக்கிறது. இரண்டிற்கும் நேரச் சிக்கல் குறியீடு ஒன்றே. லாக் மதிப்பை மட்டும் எழுதிப் பழகிய கண்ணுக்கு இந்த வேறுபாடு தென்படாது.

கோப்பு முறைமையில் நினைவகம் கேட்பது ஏன் மற்ற நிரல்களில் கேட்பதைவிடக் கடினம்? நினைவகம் குறையும்போது கெர்னல் செய்யும் வேலைகளுள் முக்கியமானது, பயன்பாட்டில் இல்லாத கோப்புத் தரவை வெளியேற்றுவதும், மாற்றப்பட்ட தரவை வட்டில் எழுதிவிட்டு அப்பக்கங்களை விடுவிப்பதும். வட்டில் எழுத வேண்டியவர் யார்? கோப்பு முறைமையே. அதாவது, கோப்பு முறைமை ஒரு பூட்டை வைத்துக்கொண்டு நினைவகம் கேட்கிறது. நினைவக மேலாளர் இடம் உண்டாக்குவதற்காகக் கோப்பு முறைமையை அழைக்கிறார். அந்த அழைப்பு அதே பூட்டுக்காகக் காத்துநிற்கிறது. நீர் இறைக்கக் கயிறு கேட்டவரிடம், கயிறு கிணற்றுக்குள் கிடக்கிறது, இறைத்து எடுத்துக்கொள் என்று சொல்வதைப் போன்றது இது. ஒருவரும் நகர முடியாத டெட்லாக் நிலை உண்டாகிறது.

இதைத் தவிர்க்க, ‘நினைவகம் தேடும்போது கோப்பு முறைமைக்குள் திரும்ப வராதே’ என்று சொல்லும் நோஎஃப்எஸ் எனும் கொடி நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. அதற்கும் விலை உண்டு. வெளியேற்றத்தக்க நினைவகத்தின் பெரும்பகுதி கோப்பு முறைமையின் கையிலேயே இருக்கும்போது, அதைத் தொடாதே என்று சொன்னால் மேலாளரின் கைகள் கட்டப்படுகின்றன. ஒவ்வோர் ஒதுக்கீட்டிலும் தனித்தனியே இக்கொடியை இடும் வழக்கத்தால், தேவையில்லாத இடங்களிலும் அது பரவியது. 2017-இல் லினக்ஸ் 4.12 பதிப்பில், ஒரு பரிவர்த்தனையின் தொடக்கம் முதல் முடிவு வரை இக்கட்டுப்பாடு செல்லும் என்று எல்லை வகுத்துச் சொல்லும் முறை வந்தது. எந்த அழைப்பு ஆபத்தானது என்பதைவிட, எந்தக் காலப்பகுதி ஆபத்தானது என்று கேட்பதே சரி என்ற புரிதல் வர இத்தனை ஆண்டுகள் ஆயின என்பது சிந்திக்கத்தக்கது.

2014 இறுதியில் லினக்ஸ் நினைவக மேலாண்மைத் தரப்பினருக்கும் கோப்பு முறைமைத் தரப்பினருக்கும் இடையே ஒரு பெரிய விவாதம் எழுந்தது. எட்டுப் பக்கங்கள் வரையிலான சிறிய ஒதுக்கீடுகள் நடைமுறையில் தோற்பதே இல்லை, கிடைக்கும்வரை கெர்னல் முயன்றுகொண்டே இருக்கிறது என்பது அப்போது பலருக்கும் வியப்பாக இருந்தது. இதன் விளைவு இருமுனை கொண்டது. ஒருபுறம், தோல்வியைக் கையாளும் நிரல்வரிகள் எழுதப்பட்டும் ஒருநாளும் ஓடாமல், சோதிக்கப்படாமல் கிடந்தன. மறுபுறம், ஒரு செயல்முறை கோப்பு முறைமையின் பூட்டை வைத்துக்கொண்டு நினைவகத்துக்காக முடிவின்றிக் காத்திருக்க, இடம் உண்டாக்குவதற்காகக் கொல்லப்படத் தேர்ந்தெடுக்கப்பட்ட மற்றொரு செயல்முறை அதே பூட்டுக்காகக் காத்திருந்து சாகவும் முடியாமல் நிற்க, கணினி முழுதும் உறைந்துபோகும் நிலை உண்டாயிற்று.

‘தோற்கும் என்றால் தோல்வி என்று சொல்லிவிட வேண்டியதுதானே’ என்று கேட்கலாம். எக்ஸ்எஃப்எஸ் போன்ற முறைமையில் ஒரு பரிவர்த்தனை எதையேனும் மாற்றத் தொடங்கிவிட்டால், அதைப் பாதியில் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. கைவிட்டால், தரவு மேலும் கெடாதிருக்கக் கோப்பு முறைமை தன்னையே நிறுத்திக்கொள்ளும். மரத்தின் மூன்றாம் அடுக்கில் பிளவு நடந்து முடிந்து, இரண்டாம் அடுக்கிற்குக் கணு கிடைக்காமல் போவது என்பது, ஒரு மாணவரின் நிரலில் ஒரு பிழைச்செய்தி. ஒரு மருத்துவமனையின் சேவையகத்தில் எல்லாக் கோப்புகளும் ஒரே நேரத்தில் எட்டாமல் போகும் நிகழ்வு.

இச்சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட விடைகளுள் மிகவும் கற்பிக்கத்தக்கது முன்னொதுக்கீடு: பூட்டை எடுப்பதற்கு முன்பே, மோசமான நிலையில் எத்தனை கணுக்கள் வேண்டுமோ அத்தனையையும் கையில் வாங்கி வைத்துக்கொள்வது. லினக்ஸில் நினைவகத்திலுள்ள கோப்புப் பக்கங்களைத் தேடப் பல்லாண்டு பயன்பட்ட ரேடிக்ஸ் மரம் இதற்கு அழகிய எடுத்துக்காட்டு. ஒவ்வோர் அடுக்கிலும் சுட்டெண்ணின் ஆறு பிட்டுகள். 64 பிட்டு எண்ணுக்கு அதிகபட்சம் 11 அடுக்குகள். மிக மோசமான நிலை எது? மரத்தில் 0 என்ற சுட்டெண்ணில் ஒரே ஒரு பொருள் இருக்க, சாத்தியமான மிகப்பெரிய சுட்டெண்ணில் மற்றொன்றைச் சேர்ப்பது. அப்போது வேரை மட்டும் பகிர்ந்துகொள்ளும் இரு முழுக் கிளைகள் உருவாக வேண்டும்: 11 இருமுறை, பொதுவான வேருக்கு ஒன்று கழித்து, 21 கணுக்கள். ஒவ்வொரு செயலிக்கும் அத்தனை கணுக்களை முன்கூட்டியே நிரப்பி வைத்த பிறகே பூட்டு எடுக்கப்படும். 21 என்ற அந்த எண், மரத்தின் உயரம் எந்த அளவு மரத்தின் பண்போ அதே அளவுக்கு அம்மரத்தின் பண்பு. ஆனால் எந்தத் தேர்விலும் எவரும் அதைக் கேட்பதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. அவசரத் தேவைக்கெனச் சில பொருள்களை எப்போதும் இருப்பில் வைத்திருக்கும் மெம்பூல் எனும் வசதி கெர்னலில் உள்ளது. அதை மரங்களுக்கும் பயன்படுத்தினால் என்ன என்று தோன்றும். மெம்பூல் நம்புவது ஒன்றை: எடுத்த பொருள் சிறிது நேரத்தில் திரும்பிவிடும் என்பதை. வட்டுக்கு அனுப்பும் ஒரு கோரிக்கைக்கு அது பொருந்தும். வேலை முடிந்ததும் பொருள் இருப்புக்குத் திரும்பும். மரத்தில் சேர்ந்த கணுவோ, கோப்பு நினைவகத்தில் இருக்கும்வரை அங்கேயே இருக்கும். இருப்பு ஒருமுறை தீர்ந்தால் மீளாது. ஆக, எந்த ஒதுக்கீட்டு உத்தி பொருந்தும் என்பதைக் கணுவின் வாழ்நாள்தான் முடிவு செய்கிறது.

கணுவின் பொருளும் முடிவு செய்கிறது. எக்ஸ்ட்4 மரத்தில் இருவகைக் கணுக்கள் கலந்திருக்கின்றன. ஒருவகை, வட்டில் உள்ள செய்தியின் நகல். தொலைந்தால் மீண்டும் படித்துக்கொள்ளலாம், நினைவகம் குறையும்போது தாராளமாக நீக்கலாம். மற்றொரு வகை, பயனர் எழுதிய தரவுக்கு வட்டில் இன்னும் இடம் தரப்படவில்லை என்பதைக் குறிப்பது. அந்தச் செய்தி வேறெங்கும் இல்லை. அக்கணு தொலைந்தால், தர வேண்டிய இடத்தின் கணக்கும் தொலையும். தோற்றத்தில் இரண்டும் ஒரே கட்டமைப்பு, ஒரே 40 பைட்டு. ஒன்றின் ஒதுக்கீடு தோற்கலாம். மற்றதன் ஒதுக்கீடு தோற்கவே கூடாது. 2023-இல் இம்முறைமையில் செய்யப்பட்ட திருத்தங்கள் இந்த வேறுபாட்டை நிரலில் தெளிவாக்கின. முதலில் பூட்டுக்குள் முயல்கிறது. நினைவகம் கிடைக்கவில்லையென்றால் பூட்டை விட்டு வெளியே வந்து, தோற்காத வகையில் உதிரிக் கணுக்களை வாங்கிக்கொண்டு, மீண்டும் உள்ளே செல்கிறது. ஒரு பகுதியின் நிலையை மாற்றி எழுதும் செயலுக்கு அதிகபட்சம் இரண்டு உதிரிகள்: பழைய துண்டு இரண்டாகப் பிளந்தால் ஒன்று, புதிய துண்டுக்கு ஒன்று. தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவே.

லினக்ஸ் கெர்னலுக்கென ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டுள்ள சிவப்பு-கருப்பு மரம் இன்னும் ஒருபடி முன்னே செல்கிறது. அங்கே ‘கணுவுக்கான முன்பதிவு’ என்பது தனியொரு தரவு வகை. பூட்டுக்கு வெளியே முன்பதிவைப் பெறலாம், அது தோற்கலாம். பெற்ற முன்பதிவைக் கொண்டு பூட்டுக்குள் செய்யும் செருகல் தோற்க இயலாது. இவ்வேறுபாட்டை மொழிமாற்றியே சரிபார்க்கிறது. ஒதுக்கீடு மரத்தின் வரையறைக்குள் வர வேண்டும் என்ற கருத்து வெறும் விருப்பமாக நில்லாமல் நிரலின் வகையாகவே மாறியிருப்பதற்கு இது சான்று.

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை மூன்று. முதலாவது, தொடக்க மாணவருக்கு இது சுமை என்பது. உண்மைதான், சமன்செய்தலைப் புரிந்துகொள்ளத் திணறும் இரண்டாம் பருவ மாணவரிடம் பூட்டுகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால் முதுகலை நிலையிலும் ஆய்வு நிலையிலும் இது எழாமல் இருப்பதற்கு அக்காரணம் பொருந்தாது. இரண்டாவது, நினைவகம் மலிந்துவிட்டது என்பது. நினைவகம் பெருகிய அளவுக்கு அதை நிரப்பும் பணிகளும் பெருகியுள்ளன. மேலும், ஒரே கணினியைப் பல பணிகளுக்குப் பகிர்ந்து, ஒவ்வொன்றுக்கும் நினைவக வரம்பு இடுவது இன்று வழக்கம்; வரம்புக்குள் ஓடும் பணிக்குக் கணினியின் மொத்த நினைவகம் ஆறுதல் தராது. மூன்றாவது, தோற்காத ஒதுக்கீடு இருக்கும்போது கவலை எதற்கு என்பது. தோற்காது என்பதன் பொருள் ‘கிடைக்கும்வரை காத்திரு’ என்பதே. பூட்டோடு காத்திருப்பதன் விளைவு மேலே சொல்லப்பட்டது.

செய்யத்தக்கவை எளியவையே. தேர்வுகளில் ‘இச்செருகலுக்குப் பின் மரத்தை வரைக’ என்ற வினாவோடு, ‘இச்செருகலுக்கு அதிகபட்சம் எத்தனை புதிய கணுக்கள் தேவை, அவற்றுள் மூன்றாவது கிடைக்காவிட்டால் மரம் எந்த நிலையில் இருக்கும்’ என்ற வினாவையும் சேர்க்கலாம். இரண்டுக்கும் ஒரே படம் போதும்.

ஆய்வகத்தில், நினைவகம் கேட்கும் முதல் அழைப்பு தோற்கட்டும், அடுத்த ஓட்டத்தில் இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று, செயல் முழுதாக வெற்றிபெறும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு முறையும் மரத்தின் ஒழுங்கு குலையாதிருக்கிறதா எனச் சோதிக்கச் சொல்லலாம். எஸ்கியூலைட் தரவுத்தளம் பல்லாண்டுகளாக இம்முறையில்தான் சோதிக்கப்படுகிறது. கெர்னலிலும் ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கச் செய்யும் வசதி உள்ளது. கற்பித்தலுக்கான எக்ஸ்வி6 இயக்க முறைமையைப் பயன்படுத்தும் வகுப்புகளில் தொடக்கம் இன்னும் எளிது. அதன் கோப்புச் செயல் ஒவ்வொன்றும், தொடங்கும் முன்பே பதிவேட்டில் பத்துத் தொகுதிகளுக்கு இடம் இருக்கிறதா எனப் பார்த்து, இல்லையென்றால் காத்திருக்கிறது. வட்டு இடத்துக்குச் செய்யும் அந்த முன்பதிவை நினைவகத்துக்கும் செய்து காட்டுக என்று கேட்டாலே நல்லதொரு பருவத் திட்டப்பணி ஆகும்.

புதிய சுட்டெண் மரங்களை முன்மொழியும் ஆய்வேடுகளில், வேக அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை இடம்பெறலாம்: ஒவ்வொரு செயலுக்கும் மோசமான நிலையில் எத்தனை ஒதுக்கீடுகள், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, எந்தப் பூட்டின் கீழ் நிகழ்கிறது, தோற்றால் என்ன ஆகும். ஆய்வேட்டை மதிப்பிடும் பேராசிரியர் வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்கத் தொடங்கினால், அடுத்து வரும் ஆய்வேடுகளில் அவ்வட்டவணை தானாக இடம்பெறும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் படித்து வெளிவரும் பொறியாளர்கள் பலர் உலகெங்கும் பயன்படும் சேமிப்பக மென்பொருள்களில் வேலை செய்கின்றனர். அவர்கள் எழுதும் மரங்களில் யாரோ ஒருவரின் ஆய்வுத் தரவும், நிலப்பதிவும், நோயறிக்கையும் தங்கியிருக்கும். மூன்றாவது கணு கிடைக்காதபோது என்ன நடக்கும் என்ற கேள்வியை அவர்கள் முதன்முதலில் வகுப்பறையில் சந்திப்பது நல்லது.